மூன்று என்று போட்டவள்

ஒரே வீட்டில் வாக்கப்பட்ட இரண்டு பெண்கள் ஒரே கட்டடத்துக்கு வேலைக்குப் போனால், ஒரே காரில் போவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த வீட்டில் காலையில் இரண்டு கார்கள் கிளம்பும். கீழ் வீட்டு மூத்தவளின் கார் தெருமுனை திரும்பிவிட்டது என்று ஜன்னல் வழியாக உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாடியிலிருந்து இளையவள் படி இறங்குவாள். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று இதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். வேறென்ன செய்வார்கள், நடுவில் போய்த் தலையைக் கொடுக்கவா முடியும்?

ஓரகத்திகளுக்குள் ஆகாமல் போவது உலகத்தில் நடக்காத விஷயமல்ல. ஆனால் இந்த இளையவளைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவளே மூத்தவள்தான். இருவரும் ஒரே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. 'கெட்டிக்காரி, என் கொழுந்தனுக்கு இவளை விட்டால் ஆள் கிடையாது' என்று மாமியாரிடம் ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணம் முடிந்து துணிமணி பெட்டியை விட்டு இறங்கவில்லை, இளையவள் போட்டி மருத்துவமனையில் பெரிய பதவி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனால் போகட்டும். குடும்பத்தோடு வரச் சொன்ன வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல அரைச்ச மாவையே அரைக்க நமக்கு ஆகாதுப்பா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனாள். சிரித்தவர்களில் மூத்தவளின் புருஷனும் ஒருவன். அன்றோடு பேச்சு நின்றது. தண்ணீர் மோட்டார் போடுவதிலிருந்து துணி காயப்போடும் கம்பி வரை எல்லாத் தகவலும் மாமியார் வழியாகத்தான் படி ஏறி இறங்கும்.

இந்த நிலையில்தான் இரண்டு மருத்துவமனைகளையும் ஒரே முதலாளி வாங்கிச் சேர்த்துவிட்டார்.

சேர்ந்த மருத்துவமனைக்கு ஒரு தலைமை மருத்துவர். நோயாளியைப் பார்ப்பதை விட்டுப் பல காலம் ஆகிவிட்ட மனிதர். இரண்டு பக்கத்து ஆட்களும் அவருக்கு வைத்த பெயர் விலாங்கு. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதற்கு வெளியே வந்து ஆளுக்கொரு சாட்சி சொல்வார்கள். அவர் கணினிப் பிரிவுகள் இரண்டையும் உட்காரவைத்துச் சொன்னது மட்டும் வழவழப்பில்லாமல் இருந்தது.

"முதல்ல ரெண்டு சாஃப்ட்வேரையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைங்க. ஓட விட்டுப் பார்ப்போம். எது சொதப்புதோ அதை எடுத்துடலாம். ஆளுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மூத்தவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவள் வேலை செய்யும் மென்பொருள் தளத்தைப் புதிதாக யாரும் தொடுவதில்லை. இங்கே வேலை போனால் வேறெங்கும் கதவு திறக்காது. அது ஒரு பக்கம். அந்த வேலை ஓரகத்தி கையால் போனால், அந்த வீட்டு மாடிப்படியை அதன்பிறகு நிமிர்ந்துகூடப் பார்க்க முடியாது. எது பெரிய பயம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

வேலை என்னவோ கேட்பதற்கு எளியதுதான். சேர்க்கை மேசையில் நோயாளியின் விவரங்களைத் தட்டினால், மூத்தவளின் மென்பொருள் சேவை அவற்றை ஒரு செய்தியாகக் கட்டி வலையில் அனுப்பும். இளையவளின் சேவை அதை வாங்கிப் பிரித்து மருந்தறைத் திரையில் காட்டும். இரண்டும் வெவ்வேறு தளங்களில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில் எழுதியவை. செய்தியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு வரையறை எழுதிக்கொண்டு இருவரும் அதன்படி நடந்தால் போதும். அதில் ஒரு கட்டம் ஒவ்வாமை. எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை என்றால் சைபர், லேசாக என்றால் ஒன்று, நடுத்தரம் என்றால் இரண்டு, உயிருக்கே ஆபத்து என்றால் மூன்று.

அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பியாக வேண்டும் என்று மூத்தவள் எழுதியிருந்தாள். இளையவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மயக்கத்தில் தூக்கி வருகிறவரிடம் ஒவ்வாமை உண்டா என்று யார் போய்க் கேட்பது, ஆகவே கட்டாயமில்லை என்று மாற்றவும், இப்படிக்கு. விலாங்குக்கும் நகல். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரிய மேதாவி" என்று திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மாற்றினாள். ஒரு சொல்லை எடுத்து ஒரு சொல்லைப் போடும் வேலை. அதற்கேற்ப அவளுடைய தளம் தன் பக்கத்து நிரலைத் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அதில் என்ன மாறியது என்று அவள் திறந்து பார்க்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் பார்த்திருப்பாள். கோபத்தில் கை வேகமாக ஓடும், கண் ஓடாது.

ஒரே ஒரு வார்டில் வெள்ளோட்டம் தொடங்கியது. நாலைந்து நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் காலைக் கூட்டத்தின் நடுவில் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த வார்டு நர்ஸ் வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"திரையில ஒவ்வாமை இல்லைன்னு போட்டிருந்துச்சு. அதை நம்பி ஊசி மருந்தை ஏத்த ஆரம்பிச்சேன். அப்புறம் கையைப் பார்க்கிறேன், ஒவ்வாமை உள்ளவங்களுக்குக் கட்டுற சிவப்புப் பட்டை! பாதி உள்ள போயிடுச்சு சார், நிறுத்திட்டேன். இப்ப அந்தம்மாவுக்கு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மூத்தவள் எழுந்துவிட்டாள்.

"எங்க பக்கம் மூணுன்னு இருக்கு. இப்பவே காட்டறேன். மூணுன்னுதான் போயிருக்கு."

இளையவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. மடிக்கணினியைத் திருப்பி விலாங்கு முன்னால் வைத்தாள்.

"சார், எங்களுக்கு வந்தது சைபர். பாருங்க. சைபர் அனுப்பிட்டு மூணு மூணுன்னு கத்தினா ஆச்சா?"

"யாரைப் பார்த்துக் கத்துறேன்னு சொல்றா சார் இவ?"

"மேடம் மரியாதையாப் பேசினா நானும் மரியாதையாப் பேசுவேன் சார்."

எதிரெதிரே இருந்தார்கள், கையை நீட்டினால் தொடும் தூரம். ஆனாலும் ஒரு வார்த்தைகூட நேராகப் போகவில்லை. எல்லாம் விலாங்கு மேல் ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்கியது. முகங்களில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. நர்ஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தனக்கு இங்கே வேலையில்லை என்று தெரிந்துகொண்டு போய்விட்டாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை. விலாங்கு, "சாயங்காலத்துக்குள்ள யார் பக்கம் தப்புன்னு எனக்குத் தெரியணும்" என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

மூத்தவளின் குழுவில் சோதனை செய்யும் ஆள் ஒருவர் இருந்தார். மழை பெய்யும்போதுகூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மழை என்று ஒப்புக்கொள்வார். சந்தேகம் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இரண்டு சேவைகளுக்கும் நடுவில் வலையில் போகும் செய்தியை அப்படியே பிடித்தாள். மூன்று போகிறது என்பதைக் கையும் களவுமாகக் காட்டி ஓரகத்தியின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

செய்தியில் மூன்று இல்லை. சைபரும் இல்லை. பெயர் இருந்தது, வயது இருந்தது, எடை இருந்தது. ஒவ்வாமை என்ற கட்டமே இல்லை.

சந்தேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மேடம், இதைக் கட்டாயமில்லைன்னு மாத்தினோமே, அப்ப அந்த டிக்..."

அவர் முடிக்க வேண்டியிருக்கவில்லை. மூத்தவளுக்குக் காதுமடல் சுட்டது. கட்டாயமில்லாத எண் எதுவானாலும் அவள் தளம் அதோடு இன்னொரு சின்னக் கட்டத்தைத் தானாகவே சேர்த்துவிடும். 'இதில் மதிப்பு உண்டு' என்று அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு டிக் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், பெரிய கட்டத்தில் நீங்கள் மூன்று போட்டாலும் முந்நூறு போட்டாலும் தளம் அதைச் சட்டையே செய்யாமல் விட்டுவிட்டுச் செய்தியைக் கட்டிவிடும். பிழை என்று ஒரு முனகல்கூட வராது. இது இந்தத் தளத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அவளுக்கும் தெரியும். கட்டாயமில்லை என்று மாற்றிய கையோடு டிக் வைக்கும் வரியையும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்பதும் உடனே விளங்கிவிட்டது. இளையவள் எண்ணை வாங்கி வைக்கும் பாத்திரம் காலியாக இருக்கத் தெரியாத பாத்திரம். ஒன்றும் வராவிட்டால் தானே சைபர் என்று வைத்துக்கொள்ளும். ஆக, இந்தப் பக்கம் சொல்லாமல் விட்டது, அந்தப் பக்கம் போய் 'இல்லை' என்று ஆகிவிட்டது. மூன்று என்று போட்டதும் உண்மை, சைபர் என்று பார்த்ததும் உண்மை. பொய் சொன்னவர் யாரும் இல்லை, அந்த நிமிஷம் வரைக்கும்.

"பாதி அவங்க தப்பு, பாதி நம்ம தப்பு மேடம்" என்றார் சந்தேகம். "ஒரு வரிதான். போட்டுடட்டுமா?"

"மீட்டிங் முடியட்டும்."

"இல்ல, சொல்லிட்டுப் போடலாம்னு..."

"சார், உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

அவருக்கு வேலை வேண்டியிருந்தது. எல்லாருக்கும்தான் வேண்டியிருக்கிறது. அவர் கண்ணாடியை மறுபடியும் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

சாயங்காலக் கூட்டத்தில் மூத்தவள் சுவரில் அந்தச் செய்தியைப் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். குரலில் அப்படி ஒரு நிதானம். ஒவ்வாமைக் கட்டம் காலியாக வந்திருக்கிறது, தெரியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம், அதை 'இல்லை' என்று மாற்றி எழுதிக்கொள்கிறது இவர்களுடைய நவீன சாஃப்ட்வேர், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிற மெஷினை மருந்தறையில் வைத்தால் ஊரே காலி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இளையவளின் முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்து அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அடக்கி வைத்த ஆத்திரம். அரைத்த மாவு என்றாயே, தின்று பார்.

இளையவள் சுவரில் இருந்த செய்தியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு விலாங்கைப் பார்த்தே கேட்டாள்.

"காலையில மூணுன்னு போச்சுன்னாங்க. இப்ப காலியாப் போச்சுன்னு அவங்களே காட்டுறாங்க. அது எப்படி சார்?"

கேட்க வேண்டிய கேள்விதான். மூத்தவள் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"சேர்க்கை மேசையில அந்தக் கட்டத்தை நிரப்பாம விட்டிருக்காங்க. அப்புறமா போட்டிருக்காங்க. மொதல்ல போன செய்தியில இருக்காது, இப்ப எங்ககிட்ட பார்த்தா மூணுன்னு இருக்கும். எங்க சாஃப்ட்வேர்ல ஒரு கோளாறும் இல்ல."

இப்படியாக அந்தப் பொய் பிறந்தது. எந்தக் கட்டம் எத்தனை மணிக்கு நிரம்பியது என்பது மூத்தவளின் சர்வரில் மட்டுமே இருக்கும். வேறு யாரும் திறந்து பார்க்க முடியாது. சந்தேகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளையவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"சரி சார். தப்பு எங்களோடதுதான். காலியா வந்தா இனிமே தெரியவில்லைன்னே காட்டுறோம். ஒரே ஒரு வேண்டுகோள். மேடம் சாஃப்ட்வேர்ல கோளாறே இல்லைங்கிறாங்க. அப்ப அதை யாரும் தொட வேண்டாம். முதலாளி பார்க்க வர்ற நாள் வரைக்கும் பூட்டி வெச்சிருங்க. நல்லா இருக்கிறதைத் தொட்டுக் கெடுப்பானேன்?"

விலாங்குக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பூட்டு என்றால் பொறுப்பு எடுத்ததுபோலவும் இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டியதும் இல்லை. அங்கேயே ஆணை போட்டார். மூத்தவளின் நிரலில் ஒரு எழுத்தை மாற்றக்கூட அவர் அனுமதி வேண்டும். கையோடு சேர்க்கை மேசையில் அன்று இருந்தது யார் என்றும் விசாரித்தார். ஒப்பந்தத்தில் எடுத்த ஒரு பெண். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஒரு பெருமூச்சு விட்டிருந்தால்கூட அதற்கு இன்னும் அதிக நேரம் ஆகியிருக்கும்.

மூத்தவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். நன்றாகவே தெரியும். புதிய திரை வந்தபோது மருத்துவமனையே முணுமுணுத்தது, இது எங்கே அது எங்கே என்று நை நை என்று அரித்தது. குறையே சொல்லாமல் அதைப் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான். "அக்கா, நீங்க போட்ட திரை சூப்பர்க்கா, அம்புக்குறியைத் தேட வேண்டியதே இல்ல" என்று வழியில் நிறுத்திச் சொல்வாள். அக்கா என்று அவள் கூப்பிடுவது மூத்தவளுக்குப் பிடிக்கும்.

வெற்றி பெற்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை நினைத்து என்று சொன்னால் அது மூத்தவளுக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் ஆகிவிடும். பூட்டை நினைத்துத்தான். முதலாளி முன்னால் வைத்து ஒரு நோயாளியைச் சேர்ப்பார்கள். எல்லாரும் பார்க்கப் பார்க்க ஒவ்வாமை மூன்று என்று தட்டுவார்கள். டிக் இல்லாத நிரல் அதை அனுப்பாது. இளையவளின் திரை, இப்போது ஒழுங்காக, 'தெரியவில்லை' என்று காட்டும். அடுத்த நோயாளிக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த ஆளுக்கும் தெரியவில்லை. சேர்க்கை மேசைப் பெண்ணின் தலையில் கட்டிய பொய் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பூட்டச் சொன்னவள் சும்மா சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இளையவளும் ஒரு காலத்தில் அந்தத் தளத்தில் குப்பை கொட்டியவள்தானே.

இரண்டு நாள் கழிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத பின்படிக்கட்டில், மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த திருப்பத்தில் இளையவள் அவளை வழிமறித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர்.

"டிக்கை மறந்துட்டீங்க."

மூத்தவள் அவளைச் சுற்றிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"மீட்டிங்ல நீங்க செய்தியைக் காட்டின உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க பக்கத்து மேசையில உட்கார்ந்து நானும் எத்தனை தடவை மறந்திருக்கேன்."

"தெரிஞ்சா அங்கேயே சொல்றதுதானே?"

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதின்னு பங்கு போட்டிருப்பார். எனக்குப் பாதி பத்தாது. முதலாளி முன்னால முழுசா நீங்க விழணும்னு நெனச்சேன்."

இவ்வளவு பச்சையாக ஒருத்தி சொல்லும்போது கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

"அப்ப ஏன் இப்ப வந்து நிக்கிறே? விழட்டும்னு விட வேண்டியதுதானே?"

"விட்டிருப்பேன். ஆனா நீங்க விழுந்தாலும் சைபர் போட்ட கறை என் மேல அப்படியேதான் இருக்கு. நேத்து விலாங்கு என்கிட்ட வந்து, ரெண்டு பேரையும் அனுப்பிட்டு வெளியில புதுசா ஆள் எடுத்தா என்னன்னு யோசிக்கிறேன்மான்னு சொல்றாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு." இளையவள் ஒரு பெட்டியின் மேல் சாய்ந்தாள். "அதனால கேளுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போய், பொது வரையறையிலேயே தெளிவில்லை, யார் தப்பும் இல்லை, சேர்ந்து ஒரு சின்னத் திருத்தம் செய்யணும்னு சொல்லுவோம். பூட்டைத் திறப்பார். நீங்க டிக்கைப் போடுங்க. நான் உங்க பக்கம் நின்னு பேசுறேன், நீங்க என் பக்கம் நின்னு பேசுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும்."

மூத்தவள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"சேர்க்கை மேசைப் பொண்ணு."

இளையவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

"அவ பேரை எடுத்தது நீங்க. நான் இல்ல. காப்பாத்தணும்னா இப்பவே மேல போய், நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. நான் தடுக்கவே மாட்டேன். கதவைக்கூட நானே திறந்துவிடுறேன்."

மேலே போவதற்குப் பன்னிரண்டு படி இருந்திருக்கும். கீழே போவதற்கும் அவ்வளவேதான். மூத்தவள் இளையவளோடு சேர்ந்து கீழே இறங்கினாள், வரையறையில் எந்த வரி தெளிவில்லாமல் இருந்தது என்று சொல்லலாம் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே.

முதலாளி வந்த நாளில் எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல நடந்தது. மூன்று என்று தட்டினால் அந்தப் பக்கத் திரை சிவப்பாக மின்னியது. காலியாக விட்டால் 'தெரியவில்லை, கேட்டு அறியவும்' என்று மஞ்சளாக நின்றது. ஒருத்தி தொடங்கிய வாக்கியத்தை இன்னொருத்தி முடித்தாள். முதலாளி விலாங்கின் தோளைத் தட்டினார். விலாங்கு தலையை ஆட்டினார். அன்று மட்டும் எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டு குழுவும் ஒரே குழு, இரண்டு பேரும் சேர்ந்தே தலைமை. யாருக்கும் வேலை போகவில்லை என்று கைதட்டினார்கள். யாருக்கும் என்று சொன்னபோது அவர்கள் மனதில் யார் யார் இருந்தார்களோ.

வீட்டில் மாமியாருக்கு வாயெல்லாம் பல். மருமகள்கள் பேசிக்கொள்கிறார்கள்! "அக்கா, மோட்டாரை நான் போடட்டுமா?", "நீ இரும்மா, நானே போடறேன்." தேன் சொட்டியது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கிள்ளிப் பார்த்துக்கொள்ளாத குறை. முன்பு ஒருத்தியை ஒருத்தி வெறுத்தார்கள், அவ்வளவுதான், அதில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது ஒருத்தியின் குடுமி இன்னொருத்தி கையில். என்றைக்கு இழுப்பாளோ என்று சிரிக்கும்போதெல்லாம் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூத்தவளுக்குத் தன் ஓரகத்தியை இப்போது போல என்றைக்கும் பிடிக்காமல் இருந்ததில்லை. தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

சந்தேகம் அவளோடு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார். எதைச் சொன்னாலும் "சரி மேடம்" என்றார். ஒரு கேள்வி கேட்பதில்லை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சந்தேகம் வராதா என்று அவள் ஏங்கிப்போனாள்.

ஒரு மதியம் வரவேற்புக் கூடத்தைக் கடந்து போகும்போது, "அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். அந்தப் பெண். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் மாட்டும் நாடாவை அட்டையைச் சுற்றி ஒழுங்காகச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். இளைத்திருந்தாள். மூத்தவள் ஓடிவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னே உட்கார்ந்திருக்கேன். வேற யார்கிட்ட கேட்டாலும் ஏதாவது சொல்லி அனுப்பிடுவாங்க. நீங்க உண்மையைச் சொல்வீங்க."

"கேளும்மா."

"நான் மூணுன்னு போட்டேன்க்கா. அந்தம்மா கையில இருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்துட்டுத்தான் போட்டேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனா எல்லாரும் இல்லைங்கிறாங்க. நெனச்சு நெனச்சுப் பார்த்து இப்ப எனக்கே தெரியல. போட்டேனா, போட்டதா நெனச்சுக்கிட்டேனான்னு. வேற இடத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, அங்கயும் இதே மாதிரி மேசைதான். எனக்குப் போகவே பயமா இருக்கு. நீங்க உள்ள பார்த்திருப்பீங்கல்ல. காலியாத்தான் இருந்துச்சா?"

கூடத்தில் யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. விலாங்கு இல்லை, முதலாளி இல்லை, இளையவள்கூட இல்லை. இவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இவளுக்குத் தெரிந்தால் இவள் நேராக மேலே போவாள். போகத்தான் வேண்டும். யாராக இருந்தாலும் போவார்கள். மூத்தவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை, அதை வைத்துத்தான் பேசினாள்.

"ஆமாம்மா. காலியாத்தான் இருந்துச்சு."

அந்தப் பெண் அழவில்லை. கீழே பார்த்து இரண்டு மூன்று தடவை தலையை ஆட்டிக்கொண்டாள். ஏதோ ஒன்று தீர்மானமாகிவிட்டது என்பதுபோல மூச்சு விட்டாள்.

"சரிக்கா. அப்ப என் தப்புதான். இனிமே ரெண்டு தடவை பார்த்துப் போடுறேன்." அட்டையைக் கொடுக்கப் போனவள் நின்று திரும்பினாள். "அக்கா, அந்தம்மா எப்படி இருக்காங்க? பாதி மருந்து ஏறிடுச்சுன்னு சொன்னாங்களே. பிழைச்சுட்டாங்கல்ல?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் அதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை.